ஒரு ஆள் குறையுது

"இருநூத்திப் பதினாலு இன்னும் கரை ஏறல. ரெண்டு படகும் கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுத் தேடிக்கிட்டு இருக்கு. ஓவர்."

முதலுதவிக் கூடாரத்துக்கு வெளியே வாக்கி-டாக்கி இப்படி இரைந்ததும், கட்டிலில் மல்லாந்து கிடந்த பொறியாளர் தலையைத் தூக்கினார். தன் வலது கையைப் பார்த்தார். காலையில் கறுப்பு மையால் எழுதிவிட்ட எண், ஏரித் தண்ணீரில் ஊறியும் அழியவில்லை. 214.

"அட, நான் இங்கதானே கிடக்கேன்," என்றார்.

அவருடைய கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்த பிசியோ பெண் வெளியே எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

அரை டிரையத்லான் என்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஏரியில் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நீச்சல், பிறகு தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள், அதுவும் போதாதென்று இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம். பொறியாளருக்கு முதல் பாகத்தோடு சரி. கரை ஏறி நாலு எட்டு வைப்பதற்குள் கெண்டைக்கால் கல்லாகிப்போனது. அரை மணி நேரமாக இந்தக் கட்டில்தான் கதி.

நேரக் கணக்கு பார்ப்பவர் மூச்சிரைக்க உள்ளே வந்தார். பொறியாளரின் கையிலிருந்த எண்ணையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சார், உங்களுக்கு ஆயுசு நூறு. முந்நூத்திப் பன்னெண்டு பேர் இறங்கினாங்க, கம்ப்யூட்டர்ல முந்நூத்திப் பதினோரு பேர்தான் ஏறியிருக்காங்க. ஒரு ஆள் குறையுது. எனக்கு ஈரக்குலையே நடுங்கிப்போச்சு."

"கரையில போட்டிருந்த அந்த விரிப்பை மிதிச்சுத்தானே சார் வந்தேன். 'பீப்'னு சத்தம்கூட கேட்டுச்சு."

"அது உங்க பக்கத்துல வந்தவங்களோடதா இருக்கும். கணுக்கால்ல கட்டியிருக்கிற சிப்பை அந்த விரிப்பு சில நேரம் படிக்காம விட்டுடும். மெஷினை நம்பினா இப்படித்தான்."

பொறியாளருக்குத் திடீரென்று வேறொரு பயம் வந்தது. "சார், என் வீட்டுக்காரியும் போட்டியில இருக்கா. இருநூத்திப் பதினஞ்சு. என்னைக் காணோம்னு அவ காதுல விழுந்தா சைக்கிளைப் போட்டுட்டு ஓடி வந்துருவா. கரை ஏறிட்டாளா?"

நேரக் கணக்கு பார்ப்பவர் கைபேசியைத் தடவிப் பார்த்தார். "ஏறிட்டாங்க சார். நாப்பத்தோரு நிமிஷம்."

"நாப்பத்தொண்ணா? பயிற்சியில அவ அம்பதுக்குக் கீழ வந்ததே இல்லையே."

"போட்டின்னு வந்துட்டா சிலருக்குத் தனி வேகம் வந்துரும். இந்நேரம் சைக்கிள்ல பதினஞ்சு கிலோமீட்டர் தாண்டியிருப்பாங்க."

"என் வயித்துல பாலை வார்த்தீங்க," என்றார் பொறியாளர். சொல்லும்போதே குரல் உடைந்தது.

உடையாமல் என்ன செய்யும்? போன வாரம் முழுக்க அவளுக்குக் காய்ச்சல். இந்த உடம்போடு தண்ணீரில் இறங்காதே என்று அவர் தலைபாடாய் அடித்துக்கொண்டார். அவளோ தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றாள். ஒரு வருஷம் விடியுமுன் எழுந்து பழகியதை இருமலுக்காக விட முடியாதாம். "அப்போ எக்கேடோ கெட்டுப் போ" என்று இவர் ஒரு வார்த்தை விட்டுவிட்டார். கொட்டிய வார்த்தையை அள்ளவா முடியும்? நேற்றிலிருந்து இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

முதல் போட்டியிலிருந்தே அவர்களுக்கு ஒரு பழக்கம். அவள் சிப்பை இவர் கட்டிவிடுவார், இவர் சிப்பை அவள் கட்டிவிடுவாள். பட்டையிலிருக்கும் எண்ணை உரக்க வாசித்து, "இது என் ஆளு, தொலைஞ்சா திருப்பிக் கொடுத்துடுங்க" என்று அவள் கிண்டலடிப்பாள். இன்றைக்கும் விடிந்தும் விடியாத வெளிச்சத்தில், கார் சீட்டில் கிடந்த பட்டைகளை எடுத்து ஆளுக்கு ஆள் கட்டிவிட்டார்கள். கிண்டல்தான் இல்லை. முகம் பார்க்காமலே தண்ணீருக்குப் போனார்கள்.

"நாப்பத்தோரு நிமிஷம்," என்று மறுபடி சொல்லிப் பார்த்துக்கொண்டார். "என்னை விட அவளுக்கு அவ உடம்பைத் தெரிஞ்சிருக்கு. நான்தான் வாயை வச்சிக்கிட்டு சும்மா இருக்கல. வரட்டும், கால்ல விழுந்துட வேண்டியதுதான்."

"விழுந்தா யார் சார் தூக்குறது? உங்க காலே இந்த லட்சணத்துல இருக்கு," என்றாள் பிசியோ பெண்.

பொறியாளர் இரண்டு நாளில் முதல் முறையாகச் சிரித்தார். "சார், முதல்ல அந்தப் படகுங்களைத் திரும்பச் சொல்லுங்க. பாவம், எனக்காக வீணா அலையுறாங்க."

நேரக் கணக்கு பார்ப்பவர் வாக்கி-டாக்கியை வாயருகே கொண்டுபோனார். "இருநூத்திப் பதினாலு பத்திரமா கூடாரத்துல இருக்கார். கணக்கு சரியாயிடுச்சு. தேடினது போதும், ரெண்டு படகும் கரைக்கு வந்துடலாம். ஓவர்."

தூரத்தில் உறுமிக்கொண்டிருந்த மோட்டார் சத்தம் கிட்டே வந்தது. முதலில் ஒன்று நின்றது, பிறகு இன்னொன்றும் நின்றது. பொறியாளர் நிம்மதியாகக் கண்ணை மூடினார்.

"ஒரு வேலை பாக்கி சார்," என்று நேரக் கணக்கு பார்ப்பவர் நோட்டைப் பிரித்தார். "விலகுறவங்க சிப்பைத் திருப்பிக் கொடுத்துடணும். நம்பரைச் சொல்லி வாங்கிக் குறிச்சுக்கணும், அதான் விதி."

பொறியாளரால் குனிய முடியவில்லை. பிசியோ பெண்தான் அவர் கணுக்காலிலிருந்த பட்டையைக் கழற்றினாள். ஒட்டியிருந்த ஏரிச் சேற்றைக் கட்டை விரலால் துடைத்துவிட்டு வாசித்தாள்.

"எழுதிக்கோங்க. இருநூத்திப் பதினஞ்சு."

கல்லாகிப்போன காலோடு பொறியாளர் ஏரியை நோக்கி ஓடினார். கரையில் அப்போதுதான் இரண்டாவது படகையும் கட்டிக்கொண்டிருந்தார்கள்.