மழை பிடிக்காத குதிரை

ஊசியில் கொல்லும் மருந்தை அளவு பார்த்து ஏற்றினாள். அப்பாவை மிதித்துக் கொன்ற குதிரை எதிரில் கட்டப்பட்டு நின்றது. இந்த ஒரு நாளுக்காகத்தான் கால்நடை மருத்துவத்தின் கடைசி வருடத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு படித்து முடித்தாள்.

"மழையில மிரண்டு உங்கப்பாவை மிதிச்சிடுச்சும்மா" என்று போன மழைக்காலத்தில் அவள் விடுதிக்குப் போன் செய்து சொன்னவர், அப்பா வேலை பார்த்த குதிரை லாயத்தின் முதலாளி. இன்று அவளைக் கூப்பிட்டு அனுப்பியதும் அவரேதான்.

"சின்ன வயசுக் குதிரை, நல்ல ஜாதி. ஆனா மழை பெஞ்சா வெறி பிடிச்சிடுது. உங்கப்பனைக் கொன்னதை உன் கையாலயே முடிச்சிடு" என்றார். கூடவே ஒரு சிரிப்பு. "மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவன் பெத்த பொண்ணு, டாக்டர். எல்லாம் காலம்."

இந்த மனுஷனோடு மல்லுக்கட்ட அவள் வரவில்லை. அவள் பகை குதிரையோடு.

"எட்டி நின்னே போடுங்க டாக்டரம்மா" என்று லாயக்காரர் கதவைத் திறந்துவிட்டார். "நான் வேலைக்குப் புதுசு. இது வெறி பிடிச்சு ஆடி நான் பார்த்ததில்ல. முதலாளி சொல்றதுதான்." சொல்லிவிட்டுப் புல்கட்டு எடுக்கப் போய்விட்டார்.

கூரைமேல் சடசடவென்று மழை இறங்கியது. உடைந்த ஓட்டின் வழியே தண்ணீர் நேராகக் குதிரையின் முதுகில் கொட்டியது. அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். உதைக்கட்டும், துள்ளட்டும். அப்போதுதான் குத்த மனசு வரும்.

அது துள்ளவில்லை. காதை ஆட்டி ஈரத்தை உதறியது. பிறகு கழுத்தை நீட்டி அவள் சட்டைக் கையை முகர்ந்து பார்த்தது.

"நடிக்காத சனியனே" என்றாள்.

நரம்பைத் தேடிக் கழுத்தைத் தடவினாள். விரலில் வரிவரியாகத் தழும்பு தட்டியது. அப்பா சவுக்கைக் கையால் தொட்டதில்லை. அதற்காகவே மற்ற லாயக்காரர்கள் அவரைக் கேலி செய்வார்கள்.

மழைக்கோட்டு சரசரக்க முதலாளி உள்ளே வந்தார். அவ்வளவுதான், குதிரை பின்னங்கால்களில் எழும்பியது. கயிறு விறைத்து, கட்டியிருந்த கம்பமே ஆடியது.

"பாத்தியா? மழைன்னா இப்படித்தான்."

"மழை அப்போலேருந்து பெய்யுது முதலாளி. இவ்வளவு நேரம் சும்மாத்தான் நின்னுச்சு."

"படிச்ச திமிர எங்கிட்ட காட்டாத. அன்னிக்கும் இதே ஆட்டம்தான். நாலு இழுப்பு இழுத்தாத்தான் அடங்கும்னு சவுக்கைத் தூக்கினா, உங்கப்பன் குறுக்க வந்து விழுந்து..." பேச்சு பாதியில் நின்றது.

"அன்னிக்கு நீங்க வெளியூர்னு சொன்னீங்க."

"வெளியூர்தான். யாரோ சொன்னதைச் சொன்னேன். நீ ஊசி போட வந்தியா, விசாரணை பண்ண வந்தியா?"

அவள் ஊசியை நிமிர்த்திப் பிடித்தாள்.

"ஊசி போடத்தான் முதலாளி" என்றாள். குரல் சாதுவாக இருந்தது.

"அப்ப போடு. எனக்குச் சாவுன்னா பார்க்க ஆகாது, மனசு கேக்காது. திரும்பி நின்னுக்கறேன்." கோட்டின் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, வாசலை அடைத்தாற்போல் மழையைப் பார்த்து நின்றார்.

அவருடைய முதுகுக்குப் பின்னால் குளம்புகள் தரையைப் பிறாண்டின. மூச்சு புஸ்புஸ்ஸென்று சீறியது. அவள் காலடி கம்பத்துப் பக்கம் போனது அவர் காதில் விழுந்தது. பிறகு திடீரென்று எல்லாம் அடங்கிவிட்டது.

"என்னம்மா, முடிச்சிட்டியா?"

"முடிச்சை அவுத்துட்டேன் முதலாளி."