ஐம்பத்தெட்டாம் பக்கம்

“நாலே மணி நேரம்! நாவலைக் கையில எடுத்தவ கீழ வைக்கல. அடுப்புல வச்ச சாப்பாடு கரிஞ்சு, புகை அலாரம் கத்தினப்புறம்தான் எழுந்தேன்” என்றாள் லவோன்.

பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். படிப்பதிலும் அதே வேகம்தான்.

“ரெண்டு பக்கத்துக்கு ஒரு அத்தியாயம். சோளப்பொரி மாதிரி இருக்கு. கையும் நிக்கல, வயிறும் நிறையல.” இது ஆர்விட். இரும்புத் தாது ஏற்றும் கப்பலில் முப்பது வருடம் சமையல்காரர். “அந்தத் துப்பறியற பொண்ணு மூணு நாளா ஒரு வாய் சாப்பிடல, கவனிச்சீங்களா? ஒரு காப்பிகூடக் கிடையாது!”

“உன் கவலை உனக்கு. அங்க கொலை நடந்திருக்குப்பா!” என்றாள் லவோன்.

வாசகர் வட்டம் குலுங்கிச் சிரித்தது. நானும்தான். சனிக்கிழமை காலைகளில் எங்கள் நூலகம் இப்படித்தான் இருக்கும்.

நான் லவோன் கட்சி. இந்த நாவலைத் தேர்ந்தெடுத்ததே நூலகர் நோரீன், அதாவது நான்.

தட்டில் ஒரே ஒரு எலுமிச்சைக் கேக் துண்டு மிச்சம். கடைசித் துண்டை எடுக்க இங்கே யாருக்கும் கை வராது. பாதியாக வெட்டுவார்கள், பாதியில் பாதியாக வெட்டுவார்கள்.

லைல் அதை முழுதாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

எல்லோரும் ஜன்னல் வழியே ஏரியைப் பார்த்தோம்.

லைல், மார்லிஸின் கணவர். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மார்ச் காலையில் மார்லிஸ் கட்டின துணியோடு வீட்டை விட்டுப் போனாள். ஏரியில் விழுந்துவிட்டாள் என்றார்கள் சிலர். பஸ் ஏறிவிட்டாள் என்றார்கள் சிலர். என் உயிர்த்தோழி உயிரோடு இருக்கிறாளா என்பதே எனக்குத் தெரியாது.

லைல் பஸ் கட்சி. அவளுடைய தோழிகளில் யாராவது வாய் தவறி ஊர்ப் பெயரை உளறிவிட மாட்டோமா என்றுதான் மாதம் தவறாமல் வருகிறார். பொது நூலகம். வராதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

கண்டுபிடித்தால் என்ன செய்வார் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். அவள் இரவல் வாங்கிப் போன புத்தகங்கள் இரண்டு முறை அவர் வீட்டு விறகடுப்புக்குள் போயின. மூன்றாம் முறை புத்தகம் தப்பித்துவிட்டது. மார்லிஸ் கையில் மாவுக்கட்டோடு வந்து அதைத் திருப்பித் தந்தாள்.

“சுத்த ரீல்!” என்றார் லைல், விரலை நக்கிக்கொண்டே. “பூட்ஸ் கயிறு முடிச்ச வச்சு ஒரு ஆளை ஊர் விட்டு ஊர் தேடிப் பிடிச்சிருவாங்களாம். தேடறவனுக்குத்தான் தெரியும் அந்தக் கஷ்டம். இருங்க, அந்தக் கூத்தை வாசிக்கிறேன், கேளுங்க.”

புரட்டினார். ஐம்பத்தெட்டாம் பக்கத்தில் நிறுத்தினார். கட்டைவிரலைக் கீழ் ஓரத்தில் ஊன்றிக்கொண்டு உரக்க வாசித்தார்.

நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்று கோப்பையில் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

வாக்கிய முடிவில் கட்டைவிரல் கொஞ்சம் நகர்ந்தது.

காப்பி விளிம்பு வரை வந்துவிட்டது. சிந்தவில்லை.

“லைல் சொல்றதுதான் சரி” என்றேன்.

லவோன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். “அடிப்பாவி! இந்த வருஷத்துலயே இதான் நாவல்னு போன வாரம் குதிச்சது யாரு?”

“யோசிச்சுப் பாத்தேன், லவோன். இத்தனூண்டு தடயத்த வச்சு ஒருத்தர் இருக்கற இடத்தக் கண்டுபிடிக்கவே முடியாது. வெறும் கற்பனை.”

கை தூக்கச் சொன்னேன். பிடித்தவர்கள் நான்கு, பிடிக்காதவர்கள் நான்கு. என் கையையும் தூக்கி நாவலைத் தோற்கடித்தேன்.

“உனக்காவது மூளை இருக்கே” என்று லைல் புத்தகத்தை மூடி என்னிடமே நீட்டினார். வாங்கி, அட்டையைக்கூடப் பார்க்காமல் மேஜையில் வைத்தேன். இன்றைக்கும் அதில் எனக்குப் பெருமை.

எல்லோரும் போனபின் கதவைச் சாத்திவிட்டு அந்தப் பக்கத்தைத் திறந்தேன்.

துப்பறியும் நாவல் பைத்தியங்களுக்கு ஒரு வியாதி உண்டு. படித்ததையே மறந்து மறுபடி எடுத்துப் போவார்கள். அதனால் எங்கள் ஊர் வாசகர்கள் ஆளுக்கொரு பக்கத்தில் பென்சிலால் ரகசியக் குறி போட்டு வைப்பார்கள். லவோன் பத்தாம் பக்கத்தில் ஒரு சக்கரம் போடுவாள். ஆர்விட் கடைசிப் பக்கத்தில் நங்கூரம். நான் கண்டிக்க வேண்டியவள். எனக்கே ஒரு குறி இருக்கிறது, ஒரு சாவி.

ஐம்பத்தெட்டு, மார்லிஸ் பிறந்த வருடம். அந்த எண்ணுக்குக் கீழே, கடுகளவில், இறக்கை விரித்த ஒரு பறவை.

அதன் மேல்தான் லைலின் கட்டைவிரல் இருந்தது. இருபது வருடம் குடும்பம் நடத்தியவருக்கு அவள் குறி தெரியாது. அவள் படித்த எதையும் அவர் திறந்து பார்த்ததில்லை, அடுப்பைத் தவிர.

நாவல் அச்சாகி வந்ததே இந்த ஏப்ரலில்தான்.

அழிப்பானை எடுத்துப் பறவையைச் சுத்தமாக அழித்தேன். இனி அவளுக்குப் படித்தோமா இல்லையா என்ற சந்தேகம் வரும். புத்தகத்தை மறுபடி கையில் எடுப்பாள். முதலில் ஐம்பத்தெட்டைத்தான் புரட்டுவாள். அங்கே ஒரு சாவி வரைந்து வைத்தேன்.

வாசகர் வட்டத்துக்கான பிரதிகளெல்லாம் வெவ்வேறு ஊர் நூலகங்கள் இரவலாக அனுப்பியவை. திங்கட்கிழமை ஒவ்வொன்றும் அதனதன் ஊருக்குத் திரும்பிப் போகும். இந்தப் பிரதியின் முதல் பக்கத்திலும் ஊர்ப் பெயரோடு ஒரு முத்திரை இருந்தது.

எந்த ஊர் என்று உங்களுக்கும் சொல்ல மாட்டேன்.