தொட்டியில் கை வைத்தவள்

தொட்டித் தண்ணீரில் எவளோ விஷம் கலக்கிறாள் என்பதில் கெங்கம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. காலையில் நிரப்பி வைத்துவிட்டுப் போன தண்ணீர், வேலை முடிந்து வந்து பார்த்தால் அப்படியே இருந்தது. வெள்ளாடு தொட்டியை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"குடிடி, ஏங் கண்ணு! இன்னாத்துக்கு என்னிய இப்பிடி பேஜாரு பண்றே?"

ஆடு அசையவில்லை. மூன்று வயது அம்முவுக்கு ஒரு மாதமாக வயிற்றுப்போக்கு. குழந்தை துவண்டு நாராய்க் கிடந்தது. ஆட்டுப்பால் கொடுத்துப் பார் என்று கம்பவுண்டர் சொன்னதற்காகப் பொன்னேரியிலிருந்து ஓட்டி வந்த ஆடு அது. திருவொற்றியூருக்கு வந்த நாளிலிருந்து தொட்டித் தண்ணீரைக் குடிக்காமல் மடி வற்றிக்கொண்டே போனது.

"மாடுன்னா அரிசி களைஞ்ச கழனித் தண்ணியக் குடிக்கும். ஆடு அழுக்குத் தண்ணியில வாய வெக்காது" என்று ஆட்டை விற்ற மஜீது பாய் சொல்லித்தான் அனுப்பினார். கெங்கம்மாவும் சுத்தத்தில் குறை வைக்கவில்லை. சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தினமும் தொட்டியைத் தேய்த்தாள். புழுக்கை விழாமல் கல் மேல் தூக்கி வைத்தாள். கொல்லையில் சாயக் கம்பெனிச் சுவரை ஒட்டி இருந்த பொதுக் கிணற்றில் இறைத்து, வேட்டித் துணியில் வடிகட்டி ஊற்றிவிட்டுத்தான் மீன் உலர்த்தும் வேலைக்கு ஓடுவாள்.

ஆட்டுக்கு நோயோ என்றால் அதுவும் இல்லை. நேற்று மேய்க்கப் போன இடத்தில், ரயில்வே கேட் குழாயடியில் மடக்மடக்கென்று வயிறு முட்டக் குடித்தது. அப்படியானால் கோளாறு தொட்டியில்தான். அதில் கை வைக்கக்கூடியவள் அடுத்த வீட்டுச் சிலுவையம்மாள். பூசைக்குப் போட்டுக்கொண்டு போகும் அவளுடைய முக்காட்டை ஆடு வந்த அன்றைக்கே மென்று தின்றதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

"எம்மா, தண்ணி..." என்று உள்ளேயிருந்து அம்மு முனகினாள்.

கெங்கம்மா போய்க் குடத்திலிருந்து ஒரு டம்ளர் மொண்டு புகட்டினாள். குழி விழுந்த கண்ணோடு குழந்தை குடிப்பதைப் பார்த்ததும் ஆத்திரம் தலைக்கேறியது. விறுவிறுவென்று தெருவுக்கு வந்தாள்.

"வெளிய வாமே, சிலுவ! வாயில்லா சீவனுக்கு விசம் வெச்சிட்டு நீயெல்லாம் மாதா கோயிலுக்கு வேற போறியா?"

சிலுவையம்மாள் குழம்புக் கரண்டியோடு வந்தாள். "யாரு மே விசம் வெச்சது? அபாண்டமா பேசாத, நாக்கு அழுகிப் பூடும்!"

"தொட்டியில இன்னா கலக்குனே, சொல்லு. அங்க எங் கொயந்த பாலில்லாம செத்துகினு கீது!"

"மாதா மேல சத்தியமா நான் உந் தொட்டியாண்ட கூட வர்ல."

"சத்தியம் சக்கரப் பொங்கலு! யோக்கியமானவளா இருந்தா அந்தத் தண்ணிய நீ குடிச்சுக் காட்டு."

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. சிலுவையம்மாள் கரண்டியைப் போட்டுவிட்டு முந்தானையை இடுப்பில் செருகினாள். நேராகப் போய்த் தொட்டித் தண்ணீரை இரண்டு கையாலும் மொண்டு வாய் நிறையக் குடித்தாள். போதாததற்கு இன்னொரு தடவையும் அள்ளிக் குடித்தாள்.

இப்போது விழுவாள், அப்போது விழுவாள் என்று தெருவே பார்த்துக்கொண்டு நின்றது. குடிக்கச் சொன்ன கெங்கம்மாவே ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

சிலுவையம்மாள் விழவில்லை. புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, ஜெயித்துவிட்ட மிதப்போடு நிமிர்ந்தாள்.

"இன்னாத்தமே விசம்? நாமளும் நம்ம கொயந்தைங்களும் தெனிக்கும் குடிக்கிற அதே கெணத்துத் தண்ணிதான், அதே கம்பெனி நாத்தந்தான்!"