கீரியின் முதல் நோயாளி

விலங்கு வைத்தியப் பள்ளியில் சேரத் துடித்தது ஒரு கீரி. "முதல்ல ஏதாவது ஆஸ்பத்திரியில கொஞ்ச நாள் வேலை பார்த்துட்டு வா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கீரி கரடி டாக்டரிடம் போய்ச் சேர்ந்தது. தரை கூட்டுவதும் கட்டுத்துணி துவைப்பதும்தான் வேலை. கீரிக்கு இருப்புக்கொள்ளவில்லை. "எப்போ டாக்டர் என்னை நோயாளிகிட்ட விடுவீங்க?" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தது.

ஒரு மத்தியானம், கழுத்தில் மீன்வலை நூல் இறுகிப்போன பாம்பு ஒன்று மூச்சுத் திணறியபடி ஊர்ந்து வந்தது.

"இங்க வா. தலையை ஆடாமப் பிடி" என்று கரடி கீரியைக் கூப்பிட்டது.

பாம்பைக் கண்டதும் கீரிக்கு எச்சில் ஊறியது. பாம்பு பதறியது. "ஐயோ டாக்டர், இவளா?"

"வேற யாரும் இல்ல. நூல் இன்னும் இறுகினா உயிர் போயிடும்."

கீரி வாயை இறுக மூடிக்கொண்டு பாம்பின் தலையைப் பிடித்தது. கரடி ஒவ்வொரு இழையாக அறுத்தது. கீரியின் உடம்பெல்லாம் பரபரத்தது. பின்னங்கால்கள் தரையைப் பிறாண்டின. முன்னங்கால்கள் மட்டும் அசையவில்லை.

கடைசி இழை அறுந்ததும் கீரி பிடியை விட்டுவிட்டு வெளியே ஓடியது. மரத்தடியில் நின்று எச்சிலைத் துப்பித் துப்பி மூச்சு வாங்கியது.

உள்ளே கரடி காயத்துக்கு மருந்து வைத்துக் கட்டுப் போட்டது. பாம்பு மெல்லத் தலையைத் தூக்கியது.

"டாக்டர், அந்தப் பொண்ணு இருக்கிற நாளாப் பார்த்துச் சொல்லுங்க. கட்டுப் பிரிக்க அன்னைக்கே வரேன்."