வாய்க்கரிசி வரிசை

பிரபலப் பாடகரான அண்ணன் பிழைக்கமாட்டார் என்று டாக்டர் கைவிரித்த அன்றே செண்பகவல்லி கிரெடிட் கார்டு வாங்கிவிட்டாள். உப்பு, புளியிலிருந்து பஸ் டிக்கெட் வரை அதிலேயே தேய்த்துப் பாயிண்ட் சேர்த்து, பத்தே மாதத்தில் கோல்டு கார்டுக்கு உயர்ந்தாள். கச்சேரியைப் போலவே பிரபலங்களின் சாவுக்கும் டிக்கெட், கார்டுச் சலுகை எல்லாம் வந்துவிட்ட காலம். வாய்க்கரிசி போடும் சலுகை கோல்டிலிருந்துதான் தொடங்கும்.

“நான் கூடப் பொறந்தவப்பா, முன்னாடி விடு” என்று அண்ணன் இறந்த அன்று காவலாளியிடம் கெஞ்சினாள்.

“பிளாட்டினம்காரங்க முடியட்டும்மா. எண்ணூறு பேருதான்.”

கைக்குள் பொத்திய அரிசி வியர்வையில் ஊற, மூன்று மணி நேரம் நின்றாள். அவள் முறை வந்தபோது அண்ணனின் வாய் நிறைந்து, அரிசி கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது.

“அரிசியச் சும்மா வாய்கிட்ட காட்டிட்டு நகருங்கம்மா” என்றான் காவலாளி. “பாயிண்ட் ஏறிடும்.”