விரிப்பின் மறுமுனை

சலவைக்கூடத்து ஜன்னல் வெயிலில் நீராவி மெல்ல ஏறுகிறது. இஸ்திரி போடும் அக்கா ஓரக்கண்ணால் பார்க்கிறாள். கூட வேலை செய்யும் நெட்டச்சி ஒரு படுக்கை விரிப்போடு தனியாக மல்லுக்கட்டுகிறாள். ஒரு முனையைத் தாடைக்கடியில் இடுக்கியிருக்கிறாள். மறுமுனை தரையைப் பெருக்குகிறது. நேற்று எல்லார் முன்னாலும் அக்காவைச் சோப்புத் திருடி என்று ஏசியவள் இவள்தான். அப்புறம் மெஷினுக்குப் பின்னால் சோப்பு கிடைத்துவிட்டது. மன்னிப்புத்தான் இன்னும் கிடைக்கவில்லை. காலை ஜெபத்தில் 'எங்களுக்கு எதிராகக் குற்றம் செய்வோரை நாங்கள் மன்னிப்பதுபோல' என்ற இடம் வந்ததும் அக்காவுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "ஆண்டவரே, இவளையுமா?" என்று கேட்டும் பார்த்தாள். இப்போது பெருமூச்சு விட்டபடி இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, தரையில் புரளும் முனைகளை எடுக்கிறாள். "ம், இழு." விரிப்பு இருவருக்கும் நடுவில் விறைக்கிறது. இந்த வேலையில் உள்ள வம்பே இதுதான்: மடிக்க வேண்டுமென்றால் எதிரே நிற்பவளிடம் நடந்து போயே ஆகவேண்டும். நடுவழியில் முனைகள் சேர்கின்றன. நெட்டச்சியின் மூக்கு சிவந்திருக்கிறது.

"அக்கா, நேத்து நான் வாய்க்கு வந்தபடி..."

"அழறதுன்னா அந்தப் பக்கம் திரும்பி அழுடி. இப்பத்தான் துவைச்சது."

சொல்லிவிட்டு, கூடையிலிருந்து அடுத்த விரிப்பை எடுத்து, இரண்டு முனைகளை அவள் கையில் கொடுக்கிறாள்.