பழைய சோறு செய்த வேலை

இடுப்பில் பஞ்சை அழுத்தியபடி அவள் திரைக்குப் பின்னாலேயே நின்றாள்.

ஊசி போட்ட நர்ஸ் அடுத்த அறைக்குப் போய்விட்டாள். சிவப்பு மருந்து. எப்போதும்போல் வலித்தது.

ஒன்றரை வருடமாக மாதத்துக்கு ஒன்று. வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது.

கைபேசி அதிர்ந்தது. பெருந்துறையிலிருந்து தாரணி. குரலாகவே அனுப்பியிருந்தாள்.

“அக்கா, பாப்பாவுக்கு பி12 இல்லீங்கறாருங்க டாக்டரு. ஊசி போடோணும்ங்கறாரு. தெனமும் பழைய சோறு திங்கற எனக்கு எப்படிங்க கொறையும்னு நான் ஒத்துக்கல. குரூப்ல உங்க ரிப்போர்ட்டு போட்டீங்கல்ல, அது மேல போயிருச்சு, தேடுனா கெடைக்க மாட்டேங்குது. இன்னொருக்கா அனுப்புங்கக்கா. அவருக்குக் காட்டோணும்.”

அதை இரண்டாம் முறையும் போட்டுக் கேட்டாள்.

ஏழு மாதக் குழந்தை. முகம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. இப்போது சிரிப்பதில்லை, நின்ற தலையும் சாய்கிறது என்று தாரணி போன வாரமே எழுதியிருந்தாள். பல் முளைக்கிற நேரம், சரியாகிவிடும் என்று இவள்தான் பதில் போட்டாள்.

ஏழு மாதமும் தாய்ப்பால். தாயிடமே இல்லாதது பாலில் எங்கிருந்து வரும்?

அது அவளுக்குத் தெரியும். போன வாரமும் தெரிந்துதான் இருந்தது.

‘கன்றுக்கே பால்’ என்று அந்தக் குரூப்புக்குப் பெயர் வைத்தவள் அவள். ஆறு வருடத்துக்கு முன் ஒரு பால்பண்ணையில், செத்த கன்றின் தோலில் வைக்கோலை அடைத்துப் பசுவின் முன்னால் நிறுத்தியிருந்தார்கள். பசு அதை நக்கிக்கொண்டே பால் கொடுத்தது. அன்றைக்கு விட்டவள்தான். பால் இல்லை, நெய் இல்லை, ஒரு வாய் மோர்கூட இல்லை.

அதில் இன்றைக்கும் அவளுக்குச் சந்தேகம் கிடையாது.

அலுப்பெல்லாம் அதற்குப் பிறகு வந்தது. கல்யாணப் பந்தியில், பருப்புக்கு நெய் வேண்டாம் என்று இலைக்கு மேல் கையை வைத்தால் போதும். ஊரே டாக்டராகிவிடும். சத்துக்கு என்ன பண்றே, எலும்புக்கு என்ன பண்றே. மூன்று முறை பாயசம் வாங்கிக் குடிப்பவருக்கு இவள் எலும்பின் மேல் அப்படி என்ன அக்கறையோ. பதில் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துபோனது.

அப்போதுதான் யாரோ சொன்னார்கள், பி12 உட்பட எல்லாம் பழைய சோற்றிலேயே இருக்கிறது என்று.

எவ்வளவு நிம்மதியாக இருந்தது. மாத்திரை வேண்டாம், மருந்து வேண்டாம். நம் சட்டியிலேயே இருக்கிறது. எல்லார் வாயையும் அடைத்துவிடலாம்.

நாலு வருடம் விடாமல் சாப்பிட்டாள். விடாமல் சொன்னாள்.

ஒருநாள் சந்தையிலிருந்து வீட்டுக்கு வந்தபோது ஒரு காலில் செருப்பு இல்லை. பாதம் மரத்திருந்ததில் கழன்றதே தெரியவில்லை.

ரிப்போர்ட்டில் பி12 தொண்ணூற்று நாலு என்றிருந்தது. குறைந்தது இருநூறு இருக்க வேண்டும். பழைய சோற்றை நம்பி உட்காராதீர்கள் என்றார் டாக்டர். இந்த மருந்து மாட்டிலிருந்து எடுப்பதில்லை, போட்டுக்கொண்டால் உங்கள் கொள்கை ஒன்றும் கெட்டுப்போகாது என்றும் சொன்னார்.

கெடாதுதான். அன்றைக்கே குரூப்பில் சொல்லியிருக்கலாம்.

ஆனால் அத்தனை பந்திகளிலும் பேசிய பேச்சு? ஊசி போட்டுக்கொண்டுதான் வண்டி ஓடுகிறதாம் என்று சிரிப்பார்களே.

நாலு ஊசிக்குப் பிறகு அறுநூற்றுப் பத்து வந்தது. அந்தத் தாளை மட்டும் படம் எடுத்துக் குரூப்பில் போட்டாள். மேலே ‘பழைய சோறு செய்த வேலை’ என்று எழுதினாள்.

முன்னூறு பேர் கைதட்டினார்கள்.

தாரணி அப்போது இரண்டு மாதம் முழுகாமல் இருந்தாள்.

இரண்டு தாளும் கைபேசியில் இருந்தன.

அறுநூற்றுப் பத்தின் மேல் விரல் நின்றது. இதை அனுப்பினால் தாரணி டாக்டரின் முகத்துக்கு நேரே நீட்டுவாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவாள்.

பயமாக இருந்தது. அதைவிடக் களைப்பாக இருந்தது.

தொண்ணூற்று நாலை அனுப்பினாள்.

உடனே பதில் வந்தது. ‘வேற யாரோடதோ வந்துருச்சு போலக்கா. உங்களோடத அனுப்புங்க.’

‘என்னோடதுதான்’ என்று தட்டினாள்.

விட்டால் தைரியம் போய்விடும். மீதியையும் தட்டினாள். ‘நானும் மாசாமாசம் ஊசிதான் போட்டுக்கறேன். அந்த நல்ல ரிப்போர்ட்டு ஊசியில வந்தது. பாப்பாவுக்கு இப்பவே போடச் சொல்லு. நீயும் போட்டுக்கோ.’

தாரணி படித்துவிட்டது தெரிந்தது.

பஞ்சைக் குப்பைக்கூடையில் போட்டாள். நர்ஸ் திரையை விலக்கிப் பார்த்துவிட்டுப் போனாள்.

கால் மணி நேரம் ஆனது.

‘ரெண்டு பேருக்கும் போட்டாச்சு. குரூப்ல இன்னும் மூணு பேரு மாசமா இருக்காங்க. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுங்களா?’

இந்தச் செய்தியில் ‘அக்கா’ இல்லை.

அவள் குரூப்பைத் திறந்தாள். அன்று காலை யாரோ வெங்காயத்தோடு பழைய சோற்றுச் சட்டியைப் படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே முதல் இதயம் அவள் போட்டது.

முதலில் அந்த இதயத்தை எடுத்தாள்.